ஆனியில் வந்தது, ஐப்பசியில் வந்தது

கொழும்பில் வெள்ளவத்தை நூல் மில்லில் பாக்கியலெட்சுமியைத் தெரியாதவர்கள் இல்லை. பெரிய வேலை பார்த்தவள் அல்ல. நூல் சுற்றும் பகுதியில் நின்று, அறுந்த இழையை முடிந்துவிடுகிறவள். பதினைந்து வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் மில் ஆட்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள், யாருக்கு எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த வருஷம் அம்மை போட்டது என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும். கேட்டால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொல்வாள். தூக்கத்தில் பேசுகிறவளைப் போல இருக்கும், ஆனால் சொன்னது ஒன்றும் பிசகாது.

தான் அப்படிப் பாதித் தூக்கத்தில் நடமாடுவதற்கு மில்தான் காரணம் என்பாள். காலையில் சங்கு ஊதி, ஆயிரம் நூற்புக் கதிர்கள் ஒன்றாகச் சுழலத் தொடங்கினால், அந்த ரீங்காரம் காது வழியாக உள்ளே இறங்கி உடம்பு முழுக்க நிறைந்துவிடும். மேல் சன்னல்களில் இருந்து வெயில் சாய்வாக விழும். அந்த வெயிலில் பஞ்சுத் தூசு மேலும் போகாமல் கீழும் வராமல் மிதந்துகொண்டிருக்கும். கை தானாக இழையை முடியும். மனசு எங்கோ போய்விடும். பன்னிரண்டு மணிச் சங்கு கேட்டுத்தான் திரும்பி வரும்.

கட்டியவன் கல்யாணமான மூன்றாம் வருஷமே வயிற்றோட்டத்தில் போய்விட்டான். அதன்பிறகு சிவகங்கைப் பக்கத்து ஊரில் இருந்து தங்கை சிவமணியை வரவழைத்து, மில்லிலும் சேர்த்துவிட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சிவமணிக்குத் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் பழனிமுத்துவைக் கட்டிவைத்ததும் அவள்தான். வாரநாளில் பழனிமுத்து கொட்டாஞ்சேனையில் கரிக்காரர்களோடு ஒரு பெரிய கொட்டகையில் தங்குவான். சனிக்கிழமை சாயந்திரம் ரயில் ஏறி வெள்ளவத்தைக்கு வருவான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கண்ணோரத்தில் மட்டும் கரி மிச்சம் இருக்கும். மை போட்ட மாதிரி இருக்கிறதென்று சிவமணி சிரிப்பாள்.

1918ஆம் வருஷம். சண்டை நான்காவது வருஷமாக எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. கப்பல்களெல்லாம் சிப்பாய்களை ஏற்றப் போய்விட்டதால் பர்மா அரிசி சரியாக வருவதில்லை. லயத்தில் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு வந்தது. அதைத் தவிர, சண்டை அவர்களைத் தொடவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பழனிமுத்து நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தான். உள்ளே வந்தவன் நேராகப் பாயில் விழுந்தான்.

“கப்பல்ல பாதி ஆளு படுத்துக் கெடக்கான் மதினி. வெள்ளக்கார சிப்பாய்க்கும் இதேதான். கொட்டகையில நாப்பது பேருக்கு மேல.”

பாக்கியம் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பித் தங்கையைப் பார்த்தாள். சிவமணி மூன்று மாதக் கர்ப்பிணி. போன வருஷம் ஒன்று கலைந்து போயிருந்தது.

“இவள இங்க வச்சிருக்கக் கூடாது,” என்றாள் பாக்கியம்.

பழனிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே, “ஆமா மதினி, கூட்டிட்டுப் போயிடுங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க,” என்றான்.

அன்றைக்கே ஒரு மாட்டுவண்டி பிடித்து, பாக்கியம் தங்கையைக் களுபோவிலவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் யோசெப்பின் இருந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்த கிறிஸ்தவ வேதக்காரி. முன்னொரு காலத்தில் பாக்கியத்தோடு ஒரே வரிசையில் நின்று நூல் சுற்றியவள். இப்போது புருஷனோடு தோட்டத்துக்குக் காவல். அக்கம்பக்கத்தில் வீடே இல்லை. தென்னை ஓலைகள் சலசலப்பதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

“நீ யோசிக்காம போ பாக்கியம்,” என்றாள் யோசெப்பின். “புள்ளய நான் பாத்துக்கிறன். இங்க காக்கா கூட அதிகம் வாறதில்ல.”

இரண்டு நாளில் பாக்கியமும் படுத்தாள். வாழ்க்கையில் அவள் கண்ட கனவுகளில் பெரிய கனவு அந்த மூன்று நாளில் கண்டதுதான். மில்லின் கூரை திறந்துகொள்ள, பஞ்சுத் தூசெல்லாம் வெளியே வந்து கடல்மேல் பரவியது. அவள் அதன்மேல் மல்லாந்து கிடந்தாள். பஞ்சு அவளைத் தாங்கிக்கொண்டு தெற்கே போனது. கல்கிசைப் பாறைகளைத் தாண்டிப் போனது. தண்ணீருக்குள் இருந்து செத்துப்போன புருஷன் தலையை நீட்டி, “கஞ்சி இருக்கா?” என்று கேட்டான். இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். நான்காம் நாள் எழுந்தபோது உடம்பு வற்றல் மாதிரி காய்ந்திருந்தது, ஆனால் மனசு கழுவிவிட்டதைப் போல லேசாக இருந்தது.

லயம் இரண்டு வரிசையாக இருந்தது. கடல் பக்கம் பார்த்த வரிசை ஒன்று, வாய்க்கால் பக்கம் பார்த்த வரிசை ஒன்று. நடுவில் ஒரு முடுக்கு. பழனிமுத்து கொண்டுவந்த காய்ச்சல் கடல் வரிசையில் அறை அறையாகப் போனது. வாய்க்கால் வரிசைக்காரர்கள் வேறு கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்கள், வேறு கொட்டகையில் நெசவு வேலை பார்க்கிறவர்கள். அவர்களுடைய மேஸ்திரி முடுக்கின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். கடல் வரிசையில் நூறு பேர் படுத்தார்கள், நூறு பேரும் எழுந்தார்கள். ஒரு சாவு இல்லை. மூன்று நாள் காய்ச்சல் என்று பேர் வைத்துக் கேலி பேசினார்கள்.

ஆடி பிறந்து, காய்ச்சல் ஓய்ந்தபின் சிவமணி திரும்பி வந்தாள். தோட்டத்துக் காற்றில் கன்னம் உப்பியிருந்தது. பாக்கியம் அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, உலகத்தில் தான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையோடு அது திரும்பி வந்தது. அதே காய்ச்சல் என்று யாரும் முதலில் நினைக்கவில்லை, ஏனென்றால் முகம் வேறாக இருந்தது. வாய்க்கால் வரிசையில் தறி ஓட்டுகிற வாலிபன் ஒருவன் காலையில் வேலைக்குப் போனான்; மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் இரத்தம். மறுநாள் உதடும் காதும் நீலம் பாரித்து, மூச்சு நீருக்குள் இருந்து வருவதைப் போல வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டான். கிழவர்கள் இருமிக்கொண்டு கிடந்தார்கள். போனவர்களெல்லாம் இருபதும் முப்பதும். ஒரு வாரத்துக்குள் வாய்க்கால் வரிசையில் எழுபத்துநாலு பேர் படுக்கையில், ஒன்பது சாவு. பிணம் ஏற்றும் முனிசிப்பல் வண்டி காலையும் மாலையும் வந்தது.

மில்லை நிறுத்தினார்கள். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாகச் சங்கு ஊதவில்லை. அந்த நிசப்தம் பாக்கியத்துக்குக் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது. ரீங்காரம் போய், அதற்குப் பதிலாக வாய்க்கால் பக்கத்தில் இருந்து இருமல் மட்டும் கேட்டது. கடல் வரிசைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இம்முறை கயிறு கட்டியவர்கள் அவர்கள்தான்.

அரசாங்கத்தில் இருந்து ஓர் அப்போதிக்கரியை, டாக்டருக்கு அடுத்தபடியான மருந்துக்காரரை, அனுப்பினார்கள். பஞ்சுப் பொதி அடுக்கும் கொட்டகையில் மேசை போட்டு, போத்தல்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். மருந்து கலக்கிக் கொடுக்கும் நேரம் போக, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஆள் பெயர், அறை எல்லாம் சொல்ல ஒருவர் வேண்டுமென்றபோது, மேஸ்திரி பாக்கியத்தைக் காட்டிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை அவர் கொப்பியை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை.

“இதைப் பார். வாய்க்கால் பக்கம் எழுபத்துநாலு. கடல் பக்கம் ஒரு எட்டுப் பேர்தான். அதிலை செத்தது ஒரு ஆள். ஒரே மில், ஒரே அரிசி. கடல் காத்துத்தான் காரணமோ?”

“காத்து ரெண்டு பக்கமுந்தான் அடிக்குதுங்கய்யா,” என்றாள் பாக்கியம். கண் பாதி மூடியிருந்தது. “எங்க வரிசையில ஆனி மாசமே எல்லாரும் படுத்து எந்திரிச்சிட்டோம். அவங்க யாரும் படுக்கல. கயிறு கட்டிட்டாங்க.”

அவருடைய பேனா நின்றது.

“ஆனியிலை ஆர் ஆருக்கு வந்தது? உனக்கு ஞாபகம் இருக்கோ?”

அவள் முதல் அறையில் இருந்து தொடங்கினாள். இந்த அறையில் நாலு பேர், எல்லாருக்கும் வந்தது. அடுத்த அறையில் பிள்ளைக்கு மட்டும் வரவில்லை, அந்தப் பிள்ளைதான் இப்போது படுத்திருக்கிறது. செத்துப்போனவன் ஆவணியில் தலைமன்னார் வழியாகப் புதிதாக வந்தவன், ஆனியில் இங்கேயே இல்லை. வாய்க்கால் வரிசையில் கடைசி அறைக்காரி ஆனியில் கயிற்றைத் தாண்டி வந்து இவர்களோடு படுத்தாள். அவள் வீட்டில் எல்லாரும் கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் இப்போது நடமாடுகிறாள். அப்போதிக்கரி எழுதிக்கொண்டே போனார். இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீர் இன்னொருக்கால் சொல்லும், ஏழாம் அறை,” என்றார். ‘நீ’ எப்போது ‘நீர்’ ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

முடிந்ததும் கொப்பியை மூடினார்.

“இரண்டும் ஒரே கிருமிதான் எண்டு நினைக்கிறன். ஆனியிலை சாதுவாய் வந்திட்டுப் போனது. இடையிலை எத்தினை ஊர், எத்தினை கப்பல், எத்தினை உடம்பு சுத்திச்சோ, வேறை குணம் எடுத்துக்கொண்டு வந்திருக்கு. ஆனால் அப்ப அதைக் கண்ட உடம்பு இப்பவும் அதை அடையாளம் பிடிக்குது. காணாத உடம்புக்குத்தான் ஆபத்து.” பிறகு அவளைப் பார்த்து, “உம்மடை வீட்டிலை எல்லாருக்கும் ஆனியிலை வந்ததுதானே?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா,” என்றாள் பாக்கியம்.

வாழ்க்கையில் அவள் ஞாபகம் பிசகிச் சொன்னது அந்த ஒருமுறைதான். அது பிசகு அல்ல என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மழையில் நனைந்துகொண்டு லயத்துக்கு ஓடினாள். சிவமணி நிலைப்படியில் உட்கார்ந்து ஈரத்தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு மடியில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. பழனிமுத்து பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்திலும் வேலை இல்லை.

“என்னக்கா இப்படி நனைஞ்சுட்டு?”

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய், உன்னை மட்டும் வெறும் உடம்பாக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? “நீ உள்ளயே இரு,” என்றாள். “வெளிய வராத. கெணத்தடிக்கும் போகாத.”

“ஏன்?”

“சொன்னாக் கேளு.”

மறுநாள் பாக்கியம் கடல் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, வாய்க்கால் பக்கம் கஞ்சி கொடுக்க வரும்படி கூப்பிட்டாள். வாய்க்கால் பக்கம் ஆட்கள் காய்ச்சலால் மட்டும் சாகவில்லை என்பதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். ஓர் அறையில் தாய், தகப்பன், பிள்ளை எல்லாரும் ஒரே நாளில் விழுந்தால், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் கை இல்லை. எழுந்து தண்ணீர் அள்ளப் போனவர்கள் கிணற்றடியில் விழுந்து செத்தார்கள். மூன்று நாள் காய்ச்சல் விட்டதும் அடுப்பு மூட்ட எழுந்தவர்களுக்கு நான்காம் நாள் நெஞ்சு அடைத்தது.

“பட்டணத்துல படுத்தா பத்துக்கு அஞ்சு சாவாம், நாங்க எப்படிப் போறது?” என்றார்கள்.

“அது ஆஸ்பத்திரிக் கணக்கு,” என்றாள் பாக்கியம். அப்போதிக்கரி சொன்னதை அப்படியே சொன்னாள்: “சாகக் கெடக்குறவனத்தான் அங்க தூக்கிட்டுப் போறாங்க. வீட்டுல கெடந்து எந்திரிச்சவன அங்க யாரு எண்ணுறா? நம்ம லயத்துல எல்லாரையும் எண்ணிப் பாத்தாச்சு. பத்துக்கு ஒண்ணுதான். அதுவும் நாம போனாக் கொறையும். நமக்கு ஆனியிலயே வந்து போயிடுச்சு. கடல் வரிசைக்காரங்களுக்கு வராது.”

அந்தக் கடைசி வார்த்தை நெருப்பு மாதிரிப் பரவியது. சாயந்திரத்துக்குள் கயிற்றை அறுத்தார்கள்.

பிறகு வந்த பத்து நாட்களைப் பற்றிப் பேசும்போது, அது கனவா நிஜமா என்று தனக்கே சந்தேகம் என்பாள் பாக்கியம். பெண்கள் வரிசையாகக் கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு முடுக்கைத் தாண்டிப் போனார்கள். மழை நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. அறைகளுக்குள் இருட்டு, அதில் கண்கள். நிமிர்த்திவைத்து ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, வாயைத் துடைத்துவிட்டு அடுத்த அறை. யாரையும் பத்து நாள் எழவிடக் கூடாது என்று அப்போதிக்கரி சொல்லியிருந்தார். எழப் பார்த்தவர்களை இரண்டு தோளிலும் கை வைத்து மெதுவாகத் திரும்பவும் சாய்த்தார்கள். அந்தப் பத்து நாளில் இன்னும் நாற்பது பேர் படுத்தார்கள். இரண்டு பேர்தான் போனார்கள். கிருமி அதேதான், மருந்தும் அதே கலங்கல் தண்ணீர்தான். அப்போதிக்கரி தன் கொப்பியில் அந்தப் பத்து நாளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

பாக்கியம் வீட்டுக்குப் போகவில்லை. துணியில் எதையாவது ஒட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று பயந்து, பொதிக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள். பழனிமுத்துவிடம் தூரத்தில் நின்று, “அவ வெளிய வரலையே?” என்று மட்டும் கேட்பாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் பகல், வாய்க்கால் வரிசையின் எட்டாம் அறைக்குள் பானையோடு நுழைந்தபோது, உள்ளே ஏற்கனவே ஒருத்தி உட்கார்ந்து, படுத்திருந்தவளின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சிவமணி.

“நீ என்னடி இங்க?”

“பாவம்க்கா இவ, தறிக்குப் போறதுக்கு முந்தி எங்கூட ஒண்ணா நாலு வருஷம் நூல் சுத்தினவ. நேத்தும் வந்தேன். எத்தன நாளு உள்ளயே குந்தியிருக்கிறது?” சிவமணி சிரித்தாள். “நமக்குத்தான் வராதே. நீதானே சொன்னியாம். கடல் வரிசைக்காரங்களுக்கு வராதுன்னு.”

பாக்கியத்தின் கையில் இருந்த பானை விழவில்லை. அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். தங்கையின் கையைப் பிடித்து எழுப்பினாள். ஒன்றும் சொல்லாமல் வீடுவரை கூட்டிக்கொண்டு போனாள். அப்போதும் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் சிவமணிக்குக் காய்ச்சல் வந்தது. பாக்கியம் பக்கத்தை விட்டு நகரவில்லை. மற்றவர்களுக்குச் செய்ததெல்லாம் செய்தாள், அதற்கு மேலும் செய்தாள். அப்போதிக்கரி நாளுக்கு மூன்று தடவை வந்தார். நான்காம் நாள் சிவமணி கண்ணைத் திறந்து, தென்னந்தோட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, “ஓலச் சத்தம் நல்லாருக்குக்கா,” என்றாள். உதடு நாவற்பழம் தின்றதைப் போல இருந்தது. அன்று மத்தியானம் வயிற்றில் இருந்த பிள்ளையோடு அவள் போய்விட்டாள்.

முனிசிப்பல் வண்டி வந்தபோது பழனிமுத்து வாசலில் நின்று, எல்லாரும் கேட்கும்படி சொன்னான்: “நீதான் கூட்டிட்டுப் போன. எல்லாரோடயும் சேந்து மூணு நாளு கெடந்து எந்திரிச்சிருப்பா. நீதான் கூட்டிட்டுப் போயி ஒளிச்சு வச்ச.” கடல் வரிசைக்கு இதற்குள் கணக்கு நன்றாகப் புரிந்திருந்தது. மதினி என்று கூட அவன் சொல்லவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து போனவன், திரும்ப வரவில்லை.

சாயந்திரம் அப்போதிக்கரி கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டார். பிறகு, “கடல் வரிசையிலை எழுதட்டோ?” என்று கேட்டார்.

“இல்லீங்கய்யா. ஆனியில வராதவங்கன்னு எழுதுங்க. நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்.” அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். களுபோவில போனது, யோசெப்பின், தங்கையிடம் காரணத்தைச் சொல்லாதது, எல்லாம். “நான் அவள இங்கயே வச்சிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாளா?”

அவர் நல்லவர். பொய் சொல்லியிருக்கலாம். “இருந்திருக்கலாம்,” என்றார். “பிள்ளைத்தாச்சி எண்டபடியால் ஆனியிலையே ஏதும் நடந்தும் இருக்கலாம். அப்ப உமக்குத் தெரிஞ்சதை வைச்சு நீர் செய்தது சரி. நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பன். ஆனால் பிறகு சொல்லாமல் விட்டது...” முடிக்கவில்லை. பேனாவை எடுத்து, அவள் சொன்ன இடத்தில் சிவமணி என்று எழுதினார். எழுதியதை அவள் பக்கம் திருப்பவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது இப்போது அவருக்கு நினைவிருந்தது. வாய்விட்டு வாசித்துக் காட்டினார்.

சண்டை முடிந்த செய்தி ஒரு வாரத்துக்குள் வந்தது. துறைமுகத்தில் எல்லாக் கப்பல்களும் ஒன்றாகக் கூவியதாம். ரயில் எஞ்சின்கள் கடலோரம் முழுக்க ஊதிக்கொண்டே போயின. மில் சங்கும் ஊதியது. பாக்கியம் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டாள். வாசல்வரை போனபிறகுதான் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள்.

மாசி மாதம் மூன்றாவது தடவையாக வந்தது. இந்த முறை அது யாருடைய வீட்டையும் சூறையாடவில்லை. அங்கொருவர் இங்கொருவராக எண்பது தொண்ணூறு பேர் படுத்தார்கள். இரண்டு வரிசையிலும் சேர்த்து ஒரே ஒரு சாவு. அப்போதிக்கரி தன் கணக்கை எல்லாம் அழகாகப் பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஆனியில் நூற்றுக்குச் சைபர், ஐப்பசியில் முதலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பிறகு ஐந்து, மாசியில் கிட்டத்தட்ட ஒன்று. கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“ஏங்கய்யா இப்பிடி ஏறி எறங்குது?” என்று பாக்கியம் கேட்டாள்.

“கிருமி களைச்சிருக்கலாம். சனத்தின்ரை உடம்பு பழகியிருக்கலாம். செத்துப்போகக் கூடியதுகள் போய்ச் சேர்ந்திட்டுதுகள். நீங்கள் குடுத்த கஞ்சியும் இருக்கு. எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியேல்லை. ஆருக்கும் தெரியுமெண்டு நான் நினைக்கேல்லை.”

அந்த மாசியில்தான் ஒரு சனிக்கிழமை பழனிமுத்து வந்தான். ஆனியில் கண்ட உடம்புதான், இருந்தும் காய்ச்சல். நடுங்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றவனை, பாக்கியம் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுப் பாயை விரித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சியைக் குடித்துவிட்டு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“நானுந்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன் மதினி. இன்னைக்கே போங்கன்னு சொன்னேன். எல்லாத்தையும் உங்க தலையில போட்டுட்டு ஓடிட்டேன்.”

“அது இல்ல தம்பி,” என்றாள் பாக்கியம். “கூட்டிட்டுப் போனது தப்பில்ல. அவளுக்கு வரும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்போதிக்கரி அய்யா சொல்லித் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச அன்னைக்கு அவகிட்ட நான் சொல்லல. வெளிய வராதன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. ஏன்னு சொல்லியிருந்தா அவ போயிருக்க மாட்டா.”

வெளியே மில்லின் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. பழனிமுத்து கையை நீட்டி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டான். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனான். அடுத்த சனிக்கிழமை வந்தான், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். இரண்டு வருஷம் கழித்து கொட்டாஞ்சேனையிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டபோது, பெண் பார்க்கப் போனவள் பாக்கியம்தான்.

அப்போதிக்கரி மலைநாட்டுக்கு மாற்றலாகிப் போகுமுன் வெள்ளவத்தை மருந்துச்சாலையில் அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். போத்தல் கழுவுவதும் தரை துடைப்பதும் நோயாளிகளை வரிசையில் உட்கார வைப்பதும்தான் வேலை. இருபத்துமூன்று வருஷம் அதில் இருந்தாள். இன்னொரு சண்டை வந்து, கொழும்பில் குண்டு விழுந்து, பாதிச் சனம் ஊருக்கு ஓடியபோதும் அவள் போகவில்லை. யோசெப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் களுபோவிலவில் இருந்து இளநீர்க் குரும்பை கொண்டுவருவாள். இருவரும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாக்கியத்தின் கண் பாதி மூடியிருக்கும். கூப்பிட்டால், “எங்க போயிருந்தேன்னு எனக்கே தெரியல,” என்பாள்.

மருந்துச்சாலைக்கு வருகிறவர்கள் அவளைப் பற்றி ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். மருந்து மிக்சர் போத்தலை வாங்கிக்கொண்டு உடனே போகவிட மாட்டாள். எத்தனை தடவை குடிக்க வேண்டும், ஏன் குடிக்க வேண்டும், எழுந்து நடமாடினால் என்ன ஆகும், வீட்டில் யாருக்கு இது முன்னால் வந்தது, வராதவர்கள் ஏன் விலகி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முதலில் இருந்து கடைசிவரை சொல்வாள். அவசரத்தில் இருக்கிறவர்கள், “விளங்கிச்சு, விளங்கிச்சு,” என்று தலையாட்டிக்கொண்டே நகரப் பார்ப்பார்கள். அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தி, அதே தூக்கக் கலக்கக் குரலில், அவசரமே இல்லாமல், இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் விடுவாள்.